மூட்டின் வயதும் ஆளின் வயதும்

செயற்கை இடுப்பு மூட்டு முதியவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட பொருள் என்பதை அதன் வரலாறே சொல்லிவிடுகிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1962 நவம்பரில், தொடை எலும்பின் உருண்டைத் தலை இருந்த இடத்தில் எஃகுக் குண்டையும், அது சுழல்கிற இடுப்புக் கிண்ணத்தின் இடத்தில் பாலிஎத்திலீன் என்னும் வலுவான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் வைத்து, இரண்டையும் அக்ரிலிக் சிமெண்டால் எலும்போடு பிணைத்தார். இன்று உலகெங்கும் செய்யப்படுகிற முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு மூல வடிவம் அதுவே. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் டெஃப்லான் கிண்ணங்களை வைத்து, அவை மளமளவென்று தேய்ந்து உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்ததைக் கண்ட அவர், அப்பொருளையும் புதிய பிளாஸ்டிக்கையும் தம் சொந்தத் தொடையிலேயே ஏற்றிக்கொண்டு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்தார். இவ்வரலாற்றில் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தம் நோயாளிகள் இறந்த பின் அம்மூட்டை உடலிலிருந்து எடுத்துத் தேய்மானத்தை அளந்து பார்க்க அவர்களிடமே முன்கூட்டி ஒப்புதல் பெற்று வைக்கும் வழக்கம் சார்ன்லிக்கு இருந்தது. ஆள் போன பிறகும் மூட்டு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒப்புதலுக்குள் அடங்கியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அதே மூட்டைப் பொருத்திக்கொள்கிறவரிடத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. அங்கே மூட்டு போன பிறகும் ஆள் இருக்கப்போகிறார்.

இருபத்திரண்டு வயதில் ஒருவருக்கு மூட்டு மாற்ற வேண்டிய நிலை எப்படி வருகிறது என்ற கேள்விக்கு விபத்து, முடக்குவாதம், எலும்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அற்றுப்போதல் என்று பல விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் பரம்பரையாக வரும் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள். குழந்தையின் எலும்பு முதலில் குருத்தெலும்பாக உருவாகி, நீள எலும்புகளின் முனைகளை ஒட்டியுள்ள வளர்தட்டு என்ற மெல்லிய அடுக்கில் அணு அணுவாகப் பெருகிப் பின்னர் கடின எலும்பாக மாறுகிறது. மூட்டுப் பரப்பில் மட்டும் குருத்தெலும்பு குருத்தெலும்பாகவே வாழ்நாள் முழுவதும் தங்கி, வழுவழுப்பான மெத்தைபோல் வேலை செய்கிறது. இந்தக் குருத்தெலும்பைக் கட்டும் புரதங்களுள் ஏதேனும் ஒன்றுக்கான மரபணுவில் பிழை நேர்ந்தால், உயரம் குறையலாம், முதுகெலும்புகள் தட்டையாகலாம், மூட்டுப் பரப்பு இளவயதிலேயே தேய்ந்து போகலாம். எது நேரும், எவ்வளவு நேரும் என்பது பிழை எந்த மரபணுவில் என்பதைப் பொறுத்தது. பன்னாட்டு வல்லுநர் குழு 2023இல் திருத்தி வெளியிட்ட வகைப்பாட்டில் இத்தகைய கோளாறுகள் 771, அவற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் 552.

பார்வைக்குத் தெரியும் குறையும் மூட்டின் கேடும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை என்பது இங்கே முதலில் மனத்தில் வாங்க வேண்டிய செய்தி. குட்டையான கைகால்களும் பெரிய நெற்றியும் கொண்ட அகாண்ட்ரோபிளேசியா என்ற நிலையைத் தெருவில் எவரும் அடையாளம் கண்டுகொள்வர், திரைப்படத்தில் நகைச்சுவைக்கும் பயன்படுத்திக்கொண்டனர். ஆனால் அந்நிலை உள்ளவர்களுக்கு முதுகுத்தண்டுக் குழல் நெருக்கமும் கால் வளைவும் தொல்லை தருமே அன்றி, இடுப்பு மூட்டு பெரும்பாலும் கடைசிவரை தாங்கும். மாறாக, பல எலும்பு முனைகளின் வளர்ச்சி ஒருசேரக் கெடும் நோயிலும், முதுகெலும்பும் எலும்பு முனைகளும் சேர்ந்து கெடும் நோயிலும், முகத்தோற்றம் முற்றிலும் இயல்பாக அமைந்திருக்கும் சூடோஅகாண்ட்ரோபிளேசியாவிலும் இருபது முப்பது வயதுக்குள் இடுப்பு மூட்டு அறுபது வயதுக்காரருடையதுபோல் தேய்ந்து நிற்கிறது. சற்றே குள்ளம், சற்றே சாய்ந்த நடை என்று ஊர் கடந்து போகிறவரிடத்தில்தான் நோய் தீவிரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இவ்வகை நோய்களுள் இந்தியாவில் தனிக் கவனம் பெற வேண்டியது ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'வளர்ந்துகொண்டே போகும் போலி முடக்குவாத எலும்புக் கோளாறு' என்று வரும். பெயரே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. பிறக்கும்போது குழந்தையிடம் குறை எதுவும் தென்படாது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் விரல் கணுக்கள் பருக்கத் தொடங்கும், காலையில் எழுந்தால் விறைப்பு இருக்கும், நடை தடுமாறும், ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் தங்கிவிடும். பார்த்த மாத்திரத்தில் இது குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம், நாட்டு வழக்கில் சரவாங்கி, என்றே தோன்றும். ஆனால் முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்கி வீக்கமும் சூடும் உண்டாக்கும் அழற்சி நோய். இங்கே அழற்சியே கிடையாது. விரல் பருப்பது எலும்பு முனை அகன்றதால், நீர் கோத்ததால் அன்று. உடலில் அழற்சி இருந்தால் ஏறுகிற ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனை இங்கே இயல்பாகவே வரும், முதுகின் எக்ஸ்ரேயில் முதுகெலும்புகள் தட்டையாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறினால் குழந்தைக்கு ஸ்டீராய்டும் மெதோட்ரெக்சேட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படுகின்றன. அவை இந்த நோயை ஒரு விரற்கடையும் நிறுத்துவதில்லை, ஸ்டீராய்டு தன் பங்குக்கு எலும்பை மெலியச் செய்து, வளர்ச்சியையும் குறைத்துவிட்டுப் போகிறது.

இந்நோய் 1982இல் இங்கிலாந்தில் தனி நோயாக விவரிக்கப்பட்டது. விஸ்ப்-3 என்ற மரபணுவில் ஏற்படும் பிழையே காரணம் என்பது 1999இல் தெரிந்தது. மேலை நாட்டு நூல்கள் பத்து லட்சத்தில் ஒருவர் என்று இதற்குக் கணக்குச் சொல்லும். இந்தியாவிலோ 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வே 25 குடும்பங்களைச் சேர்ந்த 35 பேரை ஒரு தொகுப்பாகக் காட்டியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் எலும்பியல் துறையில் வ்ரிஷா மாதுரியும் அவர் குழுவினரும் இந்திய நோயாளிகளின் விஸ்ப்-3 மரபணுவை ஆராய்ந்து, அதுவரை பதிவாகாத ஒரு பிழையையும் 2016இல் வெளியிட்டனர். நோய்க்கு மருந்து இன்றுவரை இல்லை. தேய்ந்த மூட்டை மாற்றுவது ஒன்றே வலியைப் போக்கிக் காலை நிமிர்த்தும் வழி. பலருக்கு அது இருபதுகளிலேயே தேவைப்படுகிறது, சிலருக்கு அதற்கும் முன்னால்.

வேலூரின் பெயர் வந்தவுடன், நோயறிய அங்கே போகிற ஊர்களுள் ஒன்றான திருத்தணியின் பெயரும் வந்துவிடுகிறது. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு போய், மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் குழுவின் முடிவின்படியும் 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த இந்த மலையூருக்கு, எலும்பு தொடர்பாக இரண்டு திசைகள் உண்டு. அரக்கோணம், காட்பாடி வழியாக ரயிலில் போனால் மேற்கே வேலூர். வடக்கே நகரியைத் தாண்டினால் புத்தூர். எலும்பு என்றாலே புத்தூர்க் கட்டு என்று நினைவுக்கு வருமளவுக்கு அவ்வூரின் பரம்பரை எலும்பு முறிவு வைத்தியம் இரு மாநிலங்களிலும் பேர் பெற்றது. கைமுறிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலிகைப் பசையும் மூங்கில் பத்தையும் நாடி அங்கே போவது இப்பகுதியில் தலைமுறைப் பழக்கம். முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கான கலை அது. முறியாமலேயே உருக்குலைகிற எலும்புக்கு எந்தக் கட்டும் உதவாது என்பதை அறிந்துகொள்வதற்குள் ஒரு குடும்பத்துக்குச் சில ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. அதற்குக் கட்டுபவரைக் குறை சொல்வதும் பொருந்தாது, எம்.பி.பி.எஸ். படித்தவர் கையிலும் அதே ஆண்டுகள்தான் கழிகின்றன.

பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு இப்பகுதிக்கு ஏன் பொருந்தாது என்பதற்குக் குடும்ப அமைப்பில் விடை இருக்கிறது. போலி முடக்குவாதம் ஒடுங்கு மரபாக வரும் நோய்; அதாவது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனப் பழுதுபட்ட இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் தோன்றும், ஒரே ஒரு பிரதி உள்ளவர் அதைச் சுமந்துகொண்டே நூறு வயதுவரை நலமாக வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவற்றவர்கள் மணக்கும்போது பத்து லட்சம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரக்கூடிய இத்தகைய நோய், அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் ஏறத்தாழ பதினாறாயிரத்தில் ஒன்றாகவும், தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்றாகவும் உயரும் என்பது மரபியலின் எளிய கணக்கு. நோய் எவ்வளவுக்கெவ்வளவு அரிதோ அவ்வளவுக்கவ்வளவு இந்தப் பெருக்கம் கூடும். சொந்தத்தில் கொடுத்து எடுக்கும் வழக்கமோ இங்கே இன்னும் கரையவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள்.

திருத்தணியில் நின்று இவ்வழக்கத்தைப் பழிப்பது சற்று வேடிக்கையாகவே இருக்கும். சூரனை வென்ற சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம், வள்ளியை மணந்து வீற்றிருக்கும் இடம் என்று ஊர் கொண்டாடும் இந்த மலையின் தெய்வத்துக்கு மால்மருகன் என்றொரு பெயர். கந்தபுராணக் கதைப்படி வள்ளியும் தெய்வயானையும் முற்பிறப்பில் திருமாலின் மகள்கள், ஆக முருகன் இருமுறையும் மாமன் மகளையே கொண்டிருக்கிறான். வழக்கம் முதலில் வந்து புராணம் அதற்கேற்ப அமைந்ததா என்பது மானுடவியலார் பேச வேண்டியது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: நிலம் பிரியாமல் இருக்கவும், பெண் தெரிந்த வீட்டில் வாழவும், முதுமையில் மாமியாருக்கு அண்ணன் மகளே சோறு போடவும் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டை மரபணுக் கணக்கு ஒன்றை மட்டும் காட்டிக் கலைத்துவிட முடியாது. கணக்கும் அத்தனை ஒருதலையானதன்று. வேலூரிலிருந்து பி.எஸ்.எஸ்.ராவும் எஸ்.ஜி.இன்பராஜும் வட ஆர்க்காட்டுப் பகுதியில் விரிவாக நடத்தி 1970களில் வெளியிட்ட ஆய்வுகள், உறவு மணத்தால் கருச்சிதைவும் குழந்தை இழப்பும் எதிர்பார்த்த அளவுக்குக் கூடிவிடவில்லை என்றே காட்டின. பொதுவாக எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற பிறவிக் கோளாற்று வாய்ப்போடு, மாமன்–அத்தை மக்கள் மணத்தால் கூடுவது நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவே. பெரும்பாலான வீடுகளில் எதுவும் நேராது. நேர்ந்த வீட்டில் மட்டும் அது முழுமையாக நேரும், அங்கேயும் பழி பெரும்பாலும் பிள்ளையைச் சுமந்தவள் தலையில்தான் விழும். நோயின் பெயர் தெரிந்துவிட்டால் இரண்டாம் பிள்ளைக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறவும், கருவிலேயே சோதித்து அறியவும் வழியுண்டு. பெயர் தெரியாதவரை பழி ஒன்றே மிச்சம்.

இவ்விடத்தில் ஒரு தடுப்பையும் போட்டுவைக்க வேண்டும். பரம்பரை எலும்பு நோய் எல்லாமே உறவு மணத்தின் விளைவு என்று எண்ணுவது பிழை. ஒற்றைப் பிரதி பழுதானாலே தோன்றும் ஓங்கு மரபு நோய்களில் மணமுறைக்கு வேலையே இல்லை. பல பிள்ளைகளிடத்தில் அப்பிழை பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே உருவாகிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில் ஹண்டிகோடு என்ற ஊரின் பெயராலேயே வழங்கும் நோய் 1970களின் நடுவில் வெளியே தெரியவந்தபோது, பூச்சிமருந்து அடித்த வயல்களின் நண்டைத் தின்றதால் வந்தது என்று முதலில் ஐயுற்றார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் ஓங்கு மரபாக வரும் எலும்புக் கோளாறு என்ற முடிவை நோக்கிச் சென்றன. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நிலமற்ற கூலிக் குடும்பத்தினர். இடுப்பு தேய்ந்து, கையூன்றித் தவழும் நிலைக்குப் போனவர்கள். தென்னாப்பிரிக்காவின் ம்செலேனி பகுதியில் இதைப் பெரிதும் ஒத்த மூட்டுநோய் ஒன்று உண்டு. அங்கே கிராமப்புற மருத்துவமனையிலேயே இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யும் வழக்கம் ஏற்பட்டது. நோய்க்கு மூலம் எது என்பது முழுமையாகத் துலங்காதபோதே அதற்குத் தீர்வு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி, அறுவை எப்போது என்ற கேள்வி. இளம் நோயாளியிடம் எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடு என்பதே. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2019இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, ஆஸ்திரேலிய, ஃபின்லாந்து மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து, இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 விழுக்காடும் முழங்கால் மூட்டுகளில் ஏறக்குறைய 82 விழுக்காடும் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்று கணித்தது. 2017இல் அதே இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வின்படி, எழுபது வயதைக் கடந்தபின் மூட்டு மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் அது மறுபடி மாற்றப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு அது நூற்றுக்கு முப்பத்தைந்துவரை உயரும். இருபதுகளில் மாற்றிக்கொள்பவருக்கு மறு அறுவை வாய்ப்பு என்று சொல்வதே பொருந்தாது, ஏறக்குறைய நிச்சயம் என்றே சொல்லலாம். அதிலும் இந்நோயாளிகளுக்குக் கெடுவது ஒரு மூட்டு மட்டுமன்று. இரண்டு இடுப்பு, இரண்டு முழங்கால் என நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறு அறுவை என்று வைத்தாலே ஒரு வாழ்நாளுக்கு எட்டு அறுவைகள். முதல் மூட்டைக் கழற்றும்போது அதோடு ஒட்டியிருந்த எலும்பும் கொஞ்சம் போகும், ஆகவே இரண்டாவது முதலாவதைவிடக் கடினம், மூன்றாவது இரண்டாவதைவிடக் கடினம்.

ஆயினும் இந்தக் கணக்கு மூட்டின் வயதை மட்டுமே எண்ணுகிறது, ஆளின் வயதை எண்ணுவதில்லை. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரையிலான பதினேழு ஆண்டுகளைத் தள்ளிப்போடச் சொன்னால், கல்லூரிக்குப் போவதும் வேலை கற்பதும் மணம் முடிப்பதும் அதே பதினேழு ஆண்டுக்குள்தான் நடந்தாக வேண்டும் என்பதைச் சொல்கிறவர் மறந்துவிடுகிறார். எழுபது வயதுக்காரருக்கு வலி குறைந்தால் எஞ்சியுள்ள வாழ்க்கை இனிமையாகும்; இருபது வயதுக்காரருக்கோ இனிமேல்தான் வாழ்க்கையே தொடங்க வேண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கங்களில் விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுதும் நின்று தறி பார்க்க வேண்டியவருக்குக் காத்திருப்பு என்பது வேலையின்மைக்கு இட்ட மரியாதையான பெயர். காத்திருக்கும் காலத்தில் உடலும் சும்மா இருப்பதில்லை: மடங்கிய இடுப்பு மடங்கியபடியே இறுகுகிறது, அதற்கு ஈடுகொடுக்க முதுகு வளைகிறது, தொடைத் தசை மெலிகிறது, பதினைந்து ஆண்டுக்குப் பின் செய்யப்படும் அறுவை, இப்போது இருக்கும் உடலுக்குச் செய்யப்படுவதன்று, அதனினும் மோசமான உடலுக்குச் செய்யப்படுவது. தவிர, பதிவேட்டுக் கணக்கு முடிந்துபோன காலத்தின் மூட்டுகளைப் பற்றியது. 1990களின் இறுதியிலிருந்து வந்த, கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து வலுவாக்கிய பாலிஎத்திலீன் முன்னதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. பிரான்சில் பியர் புத்தான் 1970இல் தொடங்கிவைத்த பீங்கான் மூட்டு அதனினும் குறைவாகத் தேயும்.

மூட்டு மாற்றிக்கொண்டால் சம்மணமிட்டு உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, தரையில் இலை போட்டுச் சாப்பிட முடியாது என்று மருத்துவர் பட்டியலிடும்போது, முதியவர் அதைப் பெரிய இழப்பாகக் கருதுவார். இடுப்பை ஆழமாக மடக்கி உள்நோக்கித் திருப்பினால் குண்டு கிண்ணத்தை விட்டு நழுவும் என்பதால் அக்கட்டுப்பாடு தேவையே. ஆனால் எட்டு வயதிலிருந்தே குந்த முடியாமல் போனவருக்கு அந்தப் பட்டியலில் இழக்க எதுவும் இல்லை. அவர் இழப்பதைவிடப் பெறுவதுதான் மிகுதி. நாற்காலியிலிருந்து தானே எழுவது, பேருந்துப் படியில் கால் வைப்பது, இரு காலையும் அகற்றி ஸ்கூட்டரில் உட்காருவது. திருத்தணிக் கோயிலுக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு, ஆண்டிறுதியில் படிக்குப் படி பாட்டுப் பாடி ஏறும் விழாவும் உண்டு. மலையுச்சிவரை வண்டிச் சாலையும் போட்டிருக்கிறார்கள் என்பதால் தரிசனம் எவருக்கும் தடைப்படுவதில்லை. படியேறும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் ஒரே வரியில் கற்பிப்பார்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவைக் கால் முன்னே. இரண்டு காலும் அறுவைக் காலாக இருப்பவருக்கு இந்த விதி உதவாது; அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தமக்கு வந்த காலை வைக்கிறார்.

அறுவையின் தொழில்நுட்பத்திலும் முதியவர் இடுப்புக்கும் இவர்கள் இடுப்புக்கும் வேறுபாடு பெரிது. கிண்ணம் ஆழமின்றித் தட்டையாக இருக்கும், தொடை எலும்பின் உட்குழல் குறுகியிருக்கும் அல்லது வளைந்திருக்கும். வழக்கமான அளவில் வரும் தண்டு அதில் நுழையாது. மிகச் சிறிய அளவுகளையோ, தண்டையும் கழுத்தையும் தனித்தனியே தேர்ந்து இணைக்கும் வகையையோ, அந்த ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த மூட்டையோ நாட வேண்டும். எலும்புப் புற்றுநோயில் காலையே வெட்டியெறிவதைத் தவிர்க்க, அளவெடுத்துச் செய்த பெரிய உலோக எலும்புகளை உள்நாட்டிலேயே உருவாக்கிப் பொருத்தும் மரபு சென்னையில் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்களால் வேரூன்றியிருப்பதால், இந்தத் திறமை இங்கே அந்நியமானதன்று. நீண்ட நாள் சுருங்கிய காலை ஒரே மூச்சில் நீட்டினால் பின்தொடை நரம்பு இழுபட்டுப் பாதம் செயலற்றுப் போகலாம். ஒரு பக்கத்தை மட்டும் நிமிர்த்தினால், மடங்கியே கிடக்கும் மறுபக்கம் நடைப்பயிற்சியைக் கெடுக்கும், ஆகவே இரண்டையும் ஒன்றாகவோ சிறிது இடைவெளியிலோ செய்ய நேரிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் கழுத்து. முதுகெலும்பும் எலும்பு முனையும் கெடும் நோய்களில் கழுத்தின் முதலிரு எலும்புகளுக்கிடையே பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செலுத்தக் கழுத்தைப் பின்னால் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கக்கூடும். இடுப்பைச் சரிசெய்ய வந்தவரின் கழுத்தை முதலில் எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனையே அந்நோயை அறிந்த மருத்துவமனை என்று துணிந்து நம்பலாம்.

செலவைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்ததே. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012இல் உருமாறிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மூட்டு மாற்றையும் உள்ளடக்குவதால், ஏழைக் குடும்பத்து இளைஞர் அறுவை மேசைவரை வந்து சேர முடிகிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில், 2007இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் உண்டு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் திருத்தணியில் ஒருவரும் நகரியில் ஒருவருமாக ஒரே மரபணுப் பிழையோடு இருந்தால், குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்பதை வைத்து இரண்டு வெவ்வேறு விதிகளின்கீழ் வருவர். முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை ஆணையம் உச்சவரம்பு விதித்து, பெரிதும் பயன்படும் கோபால்ட்–குரோமியம் வகையை 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இளம் எலும்பு நோயாளிக்கு முதலில் கெடுவதோ பெரும்பாலும் இடுப்பு, அது அந்த ஆணையில் இடம்பெறவில்லை. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையும் மருந்தோ மஜ்ஜை மாற்றோ பலன் தரும் நோய்களைச் சுற்றியே வரையப்பட்டது. தேயும் இடுப்பு அதன் பார்வையில் அரிய நோயாகத் தெரிவதில்லை, வெறும் எலும்புப் பிரச்சினையாகவே தெரிகிறது.

இளையோருக்கென்றே விற்கப்பட்ட மூட்டு ஒன்றின் கதையையும் இங்கே விட்டுவிட முடியாது. உலோகக் குண்டு உலோகக் கிண்ணத்தில் சுழலும் ஏ.எஸ்.ஆர். என்ற வகை, நீண்ட நாள் தேயாது, சுறுசுறுப்பானவர்களுக்கு ஏற்றது என்ற பேரோடு வந்து, உலோகத் துகள் திசுவில் படிந்து கேடு விளைத்ததால் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அது ஏறத்தாழ 4,700 அறுவைகளில் பயன்பட்டிருந்தது, இழப்பீடு பற்றிய அரசுக் குழுவின் பரிந்துரை வர 2018 ஆயிற்று. நீடிப்பு என்ற ஒற்றை ஆசையை முன்வைத்து இளம் உடலுக்குப் புதிய பொருளைத் தேடியதன் விலை அது. பழகிப்போன, பதிவேட்டில் நிறைய ஆண்டுகள் சான்று உள்ள மூட்டை உரிய காலத்தில் வைத்து, மறு அறுவை வரும் என்று முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிக்கொள்வதே அதைவிட நேர்மையான வழி.

ஆனால் அறுவைக்கு உரிய காலம் எதுவென்று பேசுவதற்கு நோயின் பெயர் முதலில் தெரிந்திருக்க வேண்டும். திருவள்ளூரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. திருத்தணிக்காரர் வேலூருக்குப் போய்த்தான் இதை அறிய வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை. மரபணுச் சோதனை பிறகு வரட்டும். விரல் கணுக்கள் பருத்து, நடை தடுமாறி, ஈ.எஸ்.ஆர். மட்டும் இயல்பாக இருக்கிற குழந்தைக்கு ஸ்டீராய்டு எழுதப் பேனாவை எடுக்கும் மருத்துவர், அதற்கு முன் அக்குழந்தையின் முதுகெலும்பை ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.